கேம் மாற்றிய பிறகு எந்த நீளப் புஷ்ராட்?

கேள்வி: ஷார்ஜாவில் சிறிய கராஜ் வைத்திருக்கிறேன். 2004 ஷெவர்லே டாஹோ ஒன்று, 5.3 லிட்டர் வி8. கேம்ஷாஃப்டும் லிஃப்டர்களும் புதிது. ஹெட்டை 0.010 அங்குலம் சீவியிருக்கிறோம். கேஸ்கெட் பழைய வகையேதான். 7.400 அங்குலப் பழைய புஷ்ராட்களையே திரும்பப் போட்டோம். இப்போது மேலே டிக் டிக் என்று சத்தம். ஹெட் சீவியதால் 7.350 போடச் சொல்கிறார் உதிரிபாகக் கடைக்காரர். கேம் விற்றவர் 7.400தான் சரி என்கிறார். எதை வாங்குவது?

பதில்: இப்போதைக்கு இரண்டையும் வாங்க வேண்டாம். உங்கள் இன்ஜினை யாரும் இன்னும் அளக்கவில்லை.

கேமின் மேடு (லோப்) லிஃப்டரைத் தள்ளும், லிஃப்டர் புஷ்ராட் என்ற கம்பியைத் தள்ளும், அது ராக்கர் என்ற நெம்புகோலை ஆட்டி வால்வைத் திறக்கும். இந்த இன்ஜினில் ராக்கர் நேராக ஸ்டாண்டில் போல்ட் போட்டு உட்காருகிறது. திருகிச் சரிசெய்ய அதில் ஒன்றுமில்லை. பழைய வார்ப்பிரும்பு புல்லட்டில் டேப்பட் கவரைத் திறந்து நட்டைத் திருப்பி முடித்துவிடலாம். அந்த வசதி இங்கே கிடையாது. லிஃப்டருக்குள் ஸ்பிரிங் மேல் நிற்கும் சிறு பிஸ்டனான பிளஞ்சர் எவ்வளவு அமுங்கி நிற்கும் என்பதைப் புஷ்ராட்டின் நீளம் மட்டுமே தீர்மானிக்கிறது. அதைத்தான் ப்ரீலோடு என்கிறோம். குறைந்தால் சத்தம் வரும். கூடினால் வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரெஷன் போகும், கடைசியில் எக்ஸாஸ்ட் வால்வு கருகும்.

கடைக்காரர் கணக்கில் பாதி சரி. ஹெட் 0.010 இறங்கினால் ராக்கரும் அவ்வளவு கீழே வரும், புஷ்ராட்டும் அந்த அளவு குட்டையாக வேண்டும். ஆனால் கேமை அவர் மறந்துவிட்டார். லிஃப்ட் (தூக்கும் அளவு) அதிகமுள்ள கேம் பிளாக்கின் பேரிங் வழியாக நுழைய வேண்டுமென்றால் மூக்கை, அதாவது மேட்டின் உச்சியை, இஷ்டத்துக்கு உயர்த்த முடியாது; அதனால் பேஸ் சர்க்கிளை, அதாவது மேடில்லாத வட்டப் பகுதியை, சிறிதாக்குவார்கள். அந்த வட்டத்தின் விட்டம் குறைவதில் பாதியளவு லிஃப்டர் கீழே இறங்கும். உதாரணமாக 1.550 இருந்த இடத்தில் 1.500 வந்தால் லிஃப்டர் 0.025 இறங்கும். ஹெட் சீவியதில் 0.010 திரும்பக் கிடைத்தாலும் நிகரமாக 0.015 தளர்வுதான். இந்த நிலையில் 7.350 போட்டால் சத்தம் இன்னும் கூடும்.

உங்கள் கேமின் பேஸ் சர்க்கிளைத் தெரிந்துகொள்ள மைக்ரோமீட்டரைக் குறுக்கே வைத்து அளக்காதீர்கள். பெரிய கேமில் லோபின் சரிவு பக்கவாட்டிலேயே ஆரம்பித்துவிடும், அளவு கூடுதலாகக் காட்டும். மூக்கிலிருந்து பின்பக்கம் வரையுள்ள மொத்த உயரத்தை அளந்து, அதில் லோப் லிஃப்டைக் கழியுங்கள். கேமோடு வரும் அளவு அட்டையில் (கேம் கார்டு) வால்வு லிஃப்ட் மட்டும் இருந்தால் 1.7ஆல் வகுத்தால் லோப் லிஃப்ட் வந்துவிடும். இந்த இன்ஜினின் ராக்கர் விகிதம் அதுதான்.

இருந்தாலும் 0.015 மட்டும் இவ்வளவு சத்தம் போட வைக்குமா என்பது எனக்குச் சந்தேகம். நான் சந்தேகப்படுவது புது லிஃப்டர்களை. வெளியிலிருந்து பார்த்தால் அச்சு அசலாகப் பழையதுபோல இருக்கும்; உள்ளே புஷ்ராட் உட்காரும் குழி ஆழமாக இருந்தால் அவ்வளவும் நீளக் கணக்கில் போய்விடும். பழையது ஒன்றையும் புதியது ஒன்றையும் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரே புஷ்ராட்டை நிறுத்தி உயரத்தை ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

கருவி வாங்குமுன் ஒரு விரைவுச் சோதனை. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு கிராங்கைச் சுற்றுங்கள். ஒரு சிலிண்டரில் எக்ஸாஸ்ட் வால்வு திறக்கத் தொடங்கும்போது அதன் இன்டேக் லிஃப்டர் பேஸ் சர்க்கிளில் இருக்கும். இன்டேக் மூடி முடியும் தறுவாயில் எக்ஸாஸ்ட் லிஃப்டர். அந்த ராக்கரின் போல்ட்டைத் தளர்த்திவிட்டு மெல்ல இறுக்குங்கள். மேல்கீழ் ஆட்டம் நின்ற இடத்திலிருந்து, ராக்கர் ஸ்டாண்டில் உட்காரும் வரை எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். விரலால் புஷ்ராட்டைச் சுழற்றிப் பார்க்கும் பழக்கம் இங்கே உதவாது. பிளஞ்சர் ஸ்பிரிங் மெலிது, அமுங்கிய பிறகும் சுழலும்.

போல்ட் எட்டு மில்லி, பிட்ச் 1.25 மில்லி. அதனால் ஒரு சுற்றுக்கு ப்ரீலோடும் 1.25 மில்லி என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். அது தப்பு. ராக்கர் ஒரு நெம்புகோல். வால்வு முனை அசையாமல் நிற்கும்போது நடு அச்சு 1.25 மில்லி இறங்கினால், புஷ்ராட் முனை ஏறக்குறைய 2 மில்லி இறங்கும். அதாவது ஒரு சுற்றுக்கு 0.078 அங்குலம். லிஃப்டர் தாளில் 0.040 முதல் 0.060 வரை கேட்டிருந்தால், அரைச் சுற்றுக்கும் முக்கால் சுற்றுக்கும் இடையில் போல்ட் உட்கார வேண்டும். கால் சுற்றிலேயே உட்கார்ந்தால் புஷ்ராட் குட்டை.

அப்புறம் சரியான அளவு. நீளம் மாற்றக்கூடிய செக்கிங் புஷ்ராட் ஒன்று வாங்குங்கள். அதைக் குட்டையாக வைத்து, ராக்கரை முழு டார்க்கில், 30 நியூட்டன் மீட்டரில், இறுக்குங்கள். ஆட்டம் நிற்கும்வரை செக்கரை நீட்டிவிட்டு, வெளியே எடுத்து அளங்கள். 150 மில்லி வெர்னியர் இதற்குப் போதாது. புஷ்ராட் 188 மில்லி வரும். முதல் சிலிண்டரில் இரண்டு வால்வு, எதிர்ப்பக்க பேங்கில் (சிலிண்டர் வரிசையில்) இரண்டு வால்வு என்று அளந்தால் போதும். இரண்டு பேங்கும் ஒத்துப்போகவில்லை என்றால் ஹெட்கள் ஒரே அளவில் சீவப்படவில்லை.

செக்கர் 7.372 காட்டுகிறது என்று வையுங்கள். கூட 0.050 சேர்த்தால் 7.422. கடையில் 0.025 படியில் கிடைக்கும் என்றால் 7.425 எடுங்கள், ப்ரீலோடு 0.053 வரும். உங்கள் பழைய 7.400 அதே இடத்தில் 0.028தான் தந்திருக்கும். விற்பவர் நீளத்தை முனைக்கு முனை அளக்கிறாரா, வேறு முறையிலா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கேமோடு கடினமான ஸ்பிரிங்கும் போட்டிருந்தால் சுவர் தடிமன் கூடிய புஷ்ராட்டே வாங்குங்கள்.

புது ராட் போட்டு இறுக்கிய உடனே ஸ்டார்ட்டரைத் தட்ட வேண்டாம். எண்ணெய் நிறைந்த லிஃப்டர் வால்வைக் கொஞ்ச நேரம் திறந்தே பிடித்திருக்கும். அரை மணி விட்டு, கையால் கிராங்கை இரண்டு சுற்றுச் சுற்றிப் பாருங்கள்.

இன்னொன்று. சத்தம் காலையில் குளிர்ந்த இன்ஜினில் மட்டும் கேட்டு, சூடேறியதும் அடங்கிவிடுகிறதா? அப்படியானால் வால்வு கவரைத் திறக்கும் முன் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் பின்கோடி போல்ட்டைப் பாருங்கள். இந்த வண்டிகளில் அதன் தலை உடைந்து போவது சகஜம். கேட்டால் லிஃப்டர் சத்தம் மாதிரியே இருக்கும்.