ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீட்ல, காலையில கத்தாம பிள்ளைங்கள ஸ்கூலுக்கு அனுப்ப முடியுமா?

முடியும்ங்க. ஆனா சீக்கிரம் எந்திரிங்கன்னு மட்டும் நான் சொல்ல மாட்டேன், ஏன்னா முதல்ல நான் அதைத்தான் செஞ்சேன், அஞ்சு மணி அலாரத்த நாலரைக்கு மாத்தினேன், சமையல் சீக்கிரம் முடிஞ்சுது, கத்தல் மட்டும் குறையவே இல்ல.

எங்க வீடு தாம்பரம் பக்கம். பொண்ணு மூணாவது, பையன் யூகேஜி. வேன் ஏழு இருபதுக்கு தெரு முனைக்கு வந்துடும். அவங்கள ஏத்திவிட்டு நான் எலக்ட்ரிக் ட்ரெயின் பிடிச்சு எக்மோர் போகணும். குக்கர் ஒரு பக்கம் விசில் அடிக்கும், சாக்ஸ் ஒண்ணு காணாம போயிருக்கும், டைரில கையெழுத்து போட்டிருக்க மாட்டோம், பையன் இட்லிய வாயில வச்சுட்டு முழுங்காம உக்காந்திருப்பான். ஒரு நாள் பாப்பாவ எழுப்பினப்ப கண்ண திறந்ததும் அவ கேட்ட முதல் கேள்வி, "அம்மா, லேட்டாயிடுச்சா?" மறுநாளும் அதே கேள்வி. எட்டு வயசு பிள்ளை பயந்துட்டே எந்திரிக்குதுன்னா அது என் கத்தலாலதான், அன்னிக்கு எனக்கு அழுகையே வந்துடுச்சு.

அப்புறம் நானும் அவரும் உக்காந்து கணக்கு போட்டோம். 6ல இருந்து 12 வயசு பிள்ளைங்களுக்கு 9 முதல் 12 மணி நேரம், 3ல இருந்து 5 வயசுக்கு பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் தூக்கம் வேணும்னு டாக்டர்கள் சொல்றாங்க. எங்க பிள்ளைங்க பத்தரைக்கு படுத்து ஆறு மணிக்கு எந்திரிக்கிறாங்க, ஏழரை மணி நேரம்தான். தூக்கம் பத்தாத குழந்தை காலையில சிணுங்கத்தான் செய்யும், வாயில வச்சது இறங்காது, அத போய் அடம்னு நினைச்சு திட்டிட்டு இருந்திருக்கேன்.

சரி, ஏன் பத்தரை ஆகுது? அப்பாவுக்காகத்தான். அவருக்கு ஒரகடத்துல வேலை, வீடு வந்து சேர ஒன்பது ஆயிடும், அவரோட கொஞ்ச நேரம் விளையாடாம ரெண்டும் படுக்காது, அவருக்கும் பிள்ளைங்கள பாக்க கிடைக்கிறது அந்த ஒரு மணி நேரம்தான். அத எப்படி வேண்டாம்னு சொல்றது? அதனால அந்த நேரத்த அப்படியே காலைக்கு மாத்திட்டோம். ஆறு மணிக்கு எழுப்புறது, பல் தேய்க்க வைக்கிறது, குளிப்பாட்டுறது, ரெட்டை ஜடை, ஷூ, வேன்ல ஏத்துறது எல்லாமே அப்பா. எனக்கு ஹெல்ப் பண்றதா இல்ல, முழுசா அவர் பொறுப்பு, சாக்ஸ் எங்கன்னு கூட என்கிட்ட கேக்கக் கூடாது. முதல் ரெண்டு வாரம் ராத்திரி அழுதாங்க, "காலையில அப்பா எழுப்புவார்"னு சொல்லி சொல்லி ஒன்பதுக்குள்ள தூங்கப் பழக்கினோம். இப்ப வேன் வர்றதுக்கு பத்து நிமிஷம் முன்னாடியே கைய பிடிச்சு கதை பேசிட்டு தெரு முனைக்கு போயிடுறாங்க.

எனக்கு அடுப்படி மட்டும். இன்னிக்கு என்ன செய்யலாம்ங்கிற யோசனைதான் காலையில பாதி நேரத்த தின்னுடும், அதனால கிழமைக்கு ஒண்ணுன்னு முடிவு பண்ணியாச்சு. எங்க அக்கா பையன் படிக்கிற அரசு தொடக்கப்பள்ளியில அப்படித்தான், உப்புமா, கிச்சடி, பொங்கல்னு கிழமைக்கு ஒரு மெனு. முதலமைச்சரோட காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர்ல தொடங்கி அடுத்த வருஷம் எல்லா அரசு தொடக்கப்பள்ளிக்கும் வந்துச்சு, அது வந்ததுல அக்காவோட காலை நேரமே மாறிப்போச்சு. எனக்கு ஞாயித்துக்கிழமை அரைச்ச மாவு புதன் வரைக்கும் ஓடும், புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில் எப்பவும் ஃபிரிட்ஜ்ல இருக்கும், காய் ராத்திரியே நறுக்கி வச்சுடுவேன். பேக், டைரி, பெல்ட், ஐடி கார்டு எல்லாம் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடியே கதவு பக்கத்துல வந்துடணும், அத பிள்ளைங்களே செய்றாங்க.

நீங்க முதல்ல ஒரு வாரம் பிள்ளைங்க எத்தன மணிக்கு நிஜமா தூங்குறாங்கன்னு எழுதி வைங்க. எதனால தள்ளிப்போகுதுன்னு பாருங்க, டிவியா, டியூஷனா, எங்கள மாதிரி அப்பாவுக்காக காத்திருக்கிறதா. அது வீட்டுக்கு வீடு வேற.

மாசக் கடைசில அவர் ஆறு மணிக்கே கிளம்புற நாள் வரும். அன்னிக்கு நான் சமையல குறைச்சுடுவேன், தயிர் சாதம், ஊறுகா, அவ்வளவுதான். ஜடை மட்டும் அப்பா போடுற மாதிரி இல்லன்னு பாப்பா சொல்லுவா.