கண்ணில் நிற்காமல் தண்ணீர்: உங்கள் கேள்விகள்

இந்த முறை முக்கால்வாசிக் கடிதம் கண்ணீரைப் பற்றித்தான். சம்பா அறுப்பு நேரம், வேறென்ன வரும்.

கே: குழந்தைக்கு 4 மாதம். பிறந்ததிலிருந்து இடது கண் மட்டும் வழிகிறது. பாட்டி தாய்ப்பால் விடச் சொல்கிறார். (பாபநாசம்)

ப: தாய்ப்பால் வயிற்றுக்கு. கண்ணீர் மூக்கில் இறங்கும் குழாயின் அடியில் ஒரு மெல்லிய சவ்வு இன்னும் திறக்கவில்லை, அவ்வளவுதான். நகத்தை வெட்டிவிட்டு, மூக்கோரக் கண் மூலையில் விரலை வைத்துக் கீழ்நோக்கி அழுத்தி நீவுங்கள், தடவைக்குப் பத்து, நாளைக்கு நாலு தடவை. பத்தில் ஒன்பது பிள்ளைக்கு ஒரு வயதுக்குள் சரியாகிவிடும். வெளிச்சத்தைப் பார்த்தால் கண்ணை இறுக்கிக்கொண்டாலோ, கருவிழி பெரிதாகத் தெரிந்தாலோ மட்டும் காத்திருக்காதீர்கள், அது வேறு நோய்.

கே: தண்ணீர் கொட்டுகிறது, டாக்டரோ 'வறண்ட கண்' என்கிறார்!

ப: சரியாகத்தான் சொல்கிறார். காய்ந்த கண் உறுத்தும், உறுத்தினால் சுரப்பி பொங்கும். கொஞ்ச நேரம் போனைக் கீழே வையுங்கள்.

கே: கண்ணில் நீர் வருகிறது. நல்ல சொட்டு மருந்து சொல்லவும்.

ப: ஒரு கண்ணா, இரண்டா? எத்தனை நாளாக? வயதாவது எழுதக்கூடாதா?

கே: கதிர் அடிக்கும்போது கண்ணில் சுணை விழுந்தது. மெடிக்கலில் கொடுத்த சொட்டு விட்டதும் சிவப்பு போய்விட்டது, ஆனால் தண்ணீர் நிற்கவில்லை, மங்கலாகவும் இருக்கிறது. (மன்னார்குடி பக்கம்)

ப: இதைப் படித்ததும் கிளம்புங்கள். எத்தனை தரம் எழுதிவிட்டேன்! அந்தப் பெட்டியைத் திருப்பி டெக்சாமெத்தசோன், பிரட்னிசோலோன் என்று ஏதாவது போட்டிருக்கிறதா பாருங்கள். ஸ்டீராய்டு சிவப்பைத்தான் அமுக்கும், நெல்லோடு வந்த பூஞ்சைக்கு அது எரு போட்ட மாதிரி, உள்ளே கருவிழியைத் தின்றுகொண்டிருக்கும். போன தை மாதம் ஒருவர் மடியிலிருந்து இதே மாதிரி ஒரு பாட்டிலை எடுத்து, 'இதுதான் நல்லா கேட்டுச்சு' என்றார், கருவிழி நடுவில் அரிசி அளவு வெள்ளை. சுரண்டிச் சோதித்துப் பார்த்து, பூஞ்சையைக் கொல்லும் நாட்டமைசின் சொட்டை மணிக்கொரு தரம், வாரக்கணக்கில் விட்டும் தழும்பு தங்கிவிட்டது. சீட்டு இல்லாமல் சொட்டு வாங்காதீர்கள், சுணை விழுந்தால் கசக்காதீர்கள், நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

கே: அப்பாவுக்குக் கண்ணீர்ப்பை அடைப்பாம், கண்புரை ஆபரேஷன் செய்யாமல் அனுப்பிவிட்டார்கள்.

ப: நல்லதே செய்தார்கள். பையில் சீழ் இருக்கும்போது ஆபரேஷனுக்காகக் கண்ணைத் திறந்தால் கிருமி உள்ளே போய்க் கண்ணே போகலாம். முதலில் அடைப்பைச் சரிசெய்யுங்கள், அப்புறம் புரை.

கே: பைக்கில் போனால் மட்டும் வழிகிறது.

ப: ஹெல்மெட் கண்ணாடியை இறக்கி விடுங்கள்.