ஆடும் மூடியைக் கழற்றுவதற்கு முன்: கேம்பர் வேனின் வெளிப்புற நெகிழிப் பாகங்கள் குறித்த கேள்வி பதில்

கேம்பர் வேனின் (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வண்டியின்) வெளிச்சுவரில் உள்ள நெகிழிப் பாகம் ஆடத் தொடங்கினால் அதை எப்படி மாற்றுவது என்று பினாங்கிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் பலர் கேட்டிருந்தீர்கள். ஒருவருக்குக் குளிர்சாதனப் பெட்டியின் காற்றுப்போக்கி மூடி, இன்னொருவருக்குத் தண்ணீர் ஊற்றும் வாய், வேறொருவருக்கு மின்இணைப்பு வாய் என்று பாகங்கள் வேறுபட்டாலும், எல்லாருக்கும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: புதிய பாகத்தை வாங்குவதற்கு முன்பு, பழைய பாகம் ஏன் தளர்ந்தது என்பதைக் கண்டுபிடியுங்கள். புக்கிட் மெர்தாஜாமில் வாகனங்களின் வெளிக்கூட்டை (பாடி) பழுதுபார்க்கும் வேலை செய்பவன் என்ற முறையில், கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி (பட்டர்வொர்த்): வணக்கம் ஐயா. இறக்குமதி செய்யப்பட்ட பழைய மோட்டார்ஹோம் ஒன்றை வைத்திருக்கிறேன். இடப்பக்கச் சுவரில் குளிர்சாதனப் பெட்டிக்கு நேராக இருக்கும் கீழ்க் காற்றுப்போக்கி மூடி, பினாங்குப் பாலத்தில் போகும்போது கடகடவென்று அடிக்கிறது. அதன் சட்டத்தைப் பிடித்திருக்கும் திருகுகளில் இரண்டு, எவ்வளவு திருகினாலும் இறுகாமல் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. சற்றுப் பெரிய திருகாகப் போட்டால் போதுமா?

பதில்: வணக்கம். பெரிய திருகு சில வாரங்களுக்கு இறுகி நிற்கும்; பிறகு அதுவும் சுற்றும். உங்கள் வண்டியின் சுவர் பல அடுக்குகளால் ஆனது. வெளியே கண்ணாடியிழை அல்லது அலுமினியத் தகடு, நடுவில் நுரைப்பலகை, துவாரங்களைச் சுற்றி மட்டும் மரச்சட்டம் என்பதே பெரும்பாலான மோட்டார்ஹோம்களின் அமைப்பு. மெல்லிய வெளித்தகடு திருகைத் தாங்காது. தாங்குவது உள்ளே இருக்கும் மரம். எனவே திருகு சுற்றுகிறது என்றால், அந்த இடத்து மரம் மட்கிவிட்டது என்றே முதலில் சந்தேகப்பட வேண்டும். பசை வயதாகி வெடிக்கும்போது மழைநீர் விளிம்புக்குப் பின்னால் இறங்குகிறது. நீர் மரத்தை மென்மையாக்க, திருகு தளர்கிறது. திருகு தளர்ந்ததும் மூடி ஆடி, இடைவெளியைப் பெரிதாக்கி, மேலும் நீரை உள்ளே விடுகிறது.

ஆகவே சட்டத்தை முழுவதுமாகக் கழற்றுங்கள். மெல்லிய நெகிழிக் கத்தியை விளிம்புக்குப் பின்னால் செலுத்தி, பழைய பசையை அறுத்த பின்பே இழுக்க வேண்டும். இரும்பு ஸ்குரூடிரைவரால் நெம்பினால் கண்ணாடியிழையின் மேற்பூச்சு சிதறிவிடும். கழற்றியதும் துவாரத்தின் நான்கு பக்கத்து மரத்தையும் கூரிய ஊசியால் குத்திப் பாருங்கள். நல்ல மரம் ஊசியைத் தடுக்கும். மட்கிய மரம் ரொட்டியைப்போல உள்ளே விடும். ஈரமானி கிடைத்தால் நல்லது. ஆனால் நம் நாட்டுக் காற்றில் எப்போதும் ஈரப்பதம் மிகுந்திருப்பதால், அது காட்டும் எண்ணைத் தனியாகப் படிக்காமல், வண்டிக்குள் நிச்சயமாக உலர்ந்திருக்கும் ஓர் இடத்தின் எண்ணோடு ஒப்பிட்டுப் படியுங்கள்.

மரம் உறுதியாக இருந்து, துளை மட்டும் தேய்ந்திருந்தால், துளையைச் சற்றுப் பெரிதாக்கி, எப்பாக்சி (இரண்டு திரவங்களைக் கலந்து கெட்டியாக்கும் பசை) தடவிய சிறு உருளை மரக்கட்டையை அடித்து, அது கெட்டியானதும் புதிய சிறு துளை போட்டுத் திருகலாம். மரம் ஓரளவு மென்மையாக இருந்தால், கூரையுள்ள இடத்தில் வண்டியை நிறுத்தி, மின்விசிறியைத் துவாரத்தின் எதிரே வைத்துப் பல நாள்கள் உலரவிட்ட பின்பே எப்பாக்சியைத் தொட வேண்டும். ஈர மரத்தின்மேல் ஊற்றிய எப்பாக்சி, நீரை உள்ளேயே சிறைவைத்து, மட்குவதைத் தொடரச் செய்யும். மென்மை உள்ளங்கை அகலத்துக்கு மேல் பரவியிருந்தால், அந்தச் சட்டத்தை வெட்டி எடுத்துப் புதிய மரம் பொருத்துவதைத் தவிர வேறு வழியில்லை. அந்த வேலையை அனுபவமுள்ள பட்டறையிடம் விடுங்கள்.

ஒன்றைக் கவலையோடு சொல்கிறேன். அதே பாலத்தில் உங்களுக்குப் பின்னாலும் பக்கத்திலும் மோட்டார் சைக்கிளில் வருபவர்கள் இருக்கிறார்கள். இரண்டு திருகில் மட்டும் தொங்கும் மூடி காற்றில் பறந்தால், அவர்களுடைய முகத்துக்கே போகும். பழுது முடியும்வரை மூடியைக் கழற்றி வண்டிக்குள் வைத்து, துவாரத்தின் மேல் ஒரு பலகையை நன்றாகக் கட்டி ஓட்டுங்கள். பலகை காற்று வழியை அடைப்பதால், அது இருக்கும்வரை குளிர்சாதனப் பெட்டியை எரிவாயுவில் இயக்க வேண்டாம்.

கேள்வி (செந்தூல்): பாகம் எந்த நெகிழியால் ஆனது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: கழற்றித் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலான பாகங்களின் பின்புறத்தில் ஏபிஎஸ், ஏஎஸ்ஏ, பிபி என்ற எழுத்துகளில் ஒன்று அச்சாகியிருக்கும். ஏபிஎஸ் வெயிலில் மஞ்சளாகி, மாவு பூத்து, நாளடைவில் பிஸ்கட்டைப்போல உடையும். அதிலுள்ள ரப்பர் கூறு புறஊதாக் கதிரால் சிதைவதே காரணம். ஏஎஸ்ஏ வெயிலை மிக நன்றாகத் தாங்கும். இரண்டும் கிடைத்தால் விலை கூடினாலும் ஏஎஸ்ஏயையே வாங்குங்கள். பிபி என்று இருந்தால் அது பாலிப்ரொபிலீன். சாதாரணப் பசைகள் அதன்மேல் ஒட்டுவதில்லை என்பதால், அதைத் திருகாலும் பியூட்டைல் டேப்பாலும் (பிசுபிசுப்பான ரப்பர் நாடா) மட்டுமே பொருத்த வேண்டும்.

கேள்வி (பிரிக்ஃபீல்ட்ஸ்): அண்ணே, ஹார்ட்வேர் கடையில் எந்தப் பசை கேட்டாலும் சிலிக்கோனைத்தான் எடுத்துத் தருகிறார்கள். குளியலறைக்குப் போடுவது வேனுக்கு ஆகாதா?

பதில்: ஆகாது, தம்பி. சிலிக்கோன் கெட்ட பொருளன்று. ஆனால் ஆடும் சுவரில், மீண்டும் கழற்ற வேண்டிய பாகத்துக்கு, அது பொருந்தாத பொருள். புளிக்காடியின் வாடை வீசும் வகை காய்ந்து கெட்டியாகும்போது அமிலத்தை வெளிவிட்டு உலோகத்தை அரிக்கும். அதைவிடப் பெரிய குறை, அதைச் சுரண்டி எடுத்த பிறகும் கண்ணுக்குத் தெரியாத படலம் மேற்பரப்பில் தங்கிவிடுவதுதான். அந்தப் படலத்தின்மேல் பெயிண்ட்டும் பிடிக்காது, வேறு பசையும் பிடிக்காது. முன்னே இருந்தவர் பூசிய சிலிக்கோனைத் துடைத்தெடுக்கும் வேலை, பாகத்தை மாற்றும் வேலையைவிட நீண்ட நேரம் எடுத்த நாள்கள் எனக்குப் பல உண்டு.

நான் பயன்படுத்துவது இரண்டு. விளிம்புக்கும் சுவருக்கும் நடுவே பியூட்டைல் டேப். இது என்றும் கெட்டியாகாமல் பிசுபிசுப்பாகவே இருப்பதால், வண்டி குலுங்கும்போது தானும் நீண்டு சுருங்கும்; பத்து ஆண்டுக்குப் பிறகும் பாகத்தைச் சேதமில்லாமல் கழற்றலாம். வெளி விளிம்பில் ஒரு கோடு இழுப்பதற்கு, எம்எஸ் பாலிமர் வகைப் பசை. பாலியூரித்தேன் பசையும் வலுவானதுதான். ஆனால் வெள்ளை நிறத்தது வெயிலில் மஞ்சளாகி மேற்பரப்பு வெடிக்கும், கழற்றும்போது பாகத்தையே கிழித்துக்கொண்டு வரும். அதோடு, அக்ரிலிக் சன்னல்களிலும் கூரைச் சாளரத்தின் ஒளிபுகும் மூடியிலும் பாலியூரித்தேன் பட்டால், அந்த நெகிழியில் நுண்ணிய வெடிப்புகள் தோன்றக்கூடும். பசை உறையில் அந்த நெகிழியின் பெயர் அனுமதிக்கப்பட்டதாக எழுதியிருந்தால் மட்டுமே அங்கே பூசுங்கள்.

துடைப்பதற்கு ஐசோப்ரொபைல் ஆல்கஹால் நல்லது. பெயிண்ட் கடைத் தின்னரும் அசிட்டோனும் ஏபிஎஸ்ஸைக் கரைத்துவிடும். பாலியூரித்தேன் பூசுவதாக இருந்தால், ஆல்கஹால் முழுவதும் ஆவியான பின்பே பூச வேண்டும்; ஈரப் பசையை ஆல்கஹால் தொட்ட விரலால் நீவவும் கூடாது, ஏனெனில் ஆல்கஹால் பட்ட இடத்தில் பசை ஆறாமல் ஒட்டிக்கொண்டே நிற்கும்.

கேள்வி (பத்து ஃபெரிங்கி): என்னுடையது டொயோட்டா ஹையேஸ் வேனில் செய்த கேம்பர். தண்ணீர் ஊற்றும் வாயின் சட்டம் தளர்ந்து, அதைச் சுற்றித் துரு வழிகிறது. வீடு கடலுக்கு அருகில்.

பதில்: உங்கள் சுவர் மரமன்று, இரும்புத் தகடு. துவாரம் வெட்டியவர் வெட்டு விளிம்பைப் பெயிண்ட் பூசாமல் விட்டிருப்பார் என்று நினைக்கிறேன். சட்டத்தைக் கழற்றி, துருவை வெள்ளை உலோகம் தெரியும்வரை தேய்த்து, எப்பாக்சி பிரைமரையும் அதன்மேல் வண்டியின் நிறத்தையும் விளிம்பு உட்பட எல்லாப் பக்கமும் பூசி, நன்றாகக் காய்ந்த பிறகே புதிய சட்டத்தை வையுங்கள்.

திருகுகள் 316 தரத் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். வழக்கமாகக் கிடைக்கும் 304 தரம் கடற்காற்றில் பழுப்புக் கறை பிடிக்கும். ஆனால் அந்த எஃகை நேரடியாக வண்டியின் தகட்டில் முறுக்கினால், பெயிண்ட் கீறிய இடத்தில் உப்பு ஈரம் சேர்ந்து, திருகுக்குப் பதிலாகத் தகடு அரிக்கப்படும். அதனால் ரப்பர் உறைக்குள் பித்தளை நட்டு பதித்த வெல்நட்டைத் தகட்டில் செருகி, அதில் திருகை இறுக்குங்கள். ரப்பர் உப்பி நீரையும் தடுக்கும், அதிர்வையும் உள்வாங்கும், இரு உலோகங்களையும் பிரித்தும் வைக்கும்.

கேள்வி (செராஸ்): புதிய சட்டத்தை நன்றாக இறுக்கிப் பொருத்தினேன், மூன்றே மாதத்தில் திருகுத் துளைகளிலிருந்து கீறல் ஓடுகிறது. மட்டமான பொருளா?

பதில்: பொருளைக் குறை சொல்வதற்கு முன் துளையைப் பாருங்கள். நெகிழி வெப்பத்தில் உலோகத்தைவிடப் பல மடங்கு விரியும். அரை மீட்டர் நீளமுள்ள ஏபிஎஸ் சட்டம், காலை 25 பாகை செல்சியஸிலிருந்து நண்பகல் வெயிலில் 65 பாகைக்குச் சூடேறினால், ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் நீளும். அதே நீள இரும்பு கால் மில்லிமீட்டர் அளவே நீளும். 4 மில்லிமீட்டர் திருகுக்கு 4 மில்லிமீட்டர் துளையே இருந்தால், நீள இடமில்லாத சட்டம் துளையின் ஓரத்தில் வெடிக்கிறது. சட்டத்தின் துளையை 5 மில்லிமீட்டராக்குங்கள். ஓரத் துளைகளை நீள்வாக்கில் சற்று அராவிவிடுங்கள். அடியில் தட்டையான தலையுள்ள திருகையும் வாஷரையும் பயன்படுத்துங்கள். கூம்புத் தலைத் திருகு ஆப்பைப்போல நெகிழியைப் பிளக்கும்.

இறுக்கும் வேலையைக் கையால் செய்யுங்கள். பியூட்டைல் டேப் விளிம்பில் ஒரே சீராகப் பிதுங்கும்வரை, எதிரெதிர் மூலைகளாக மாற்றி மாற்றி இறுக்கி, இரண்டு நாள் கழித்து மீண்டும் ஒரு கால் சுற்று கொடுத்தால் போதும். திருகு கழலாமல் இருப்பதற்காகச் சிலர் இடும் திருகுப் பூட்டுத் திரவம் ஏபிஎஸ்ஸில் பட்டால் கீறல் விடும்; அதை இங்கே தொடவே வேண்டாம்.

கேள்வி (ஆயர் ஈத்தாம்): மழை வேகமாக அடித்தால் காற்றுப்போக்கி மூடியின் கீற்றுகள் வழியாகச் சாரல் வருகிறது. கீற்றுகளை அடைத்துவிடலாமா?

பதில்: தயவுசெய்து அடைக்காதீர்கள். எரிவாயுவில் இயங்கும் குளிர்சாதனப் பெட்டிக்குக் கீழ் மூடி வழியாகவே காற்று உள்ளே போகிறது. வெப்பமும் எரிந்த புகையும் மேல் மூடி வழியாக வெளியேறுகின்றன. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது என்பதால், எங்கேனும் கசிந்தால் தாழ்ந்த திறப்பு வழியாகவே அது வெளியே வடியும். அந்த வழியை அடைப்பது உறங்குபவரின் உயிரோடு விளையாடுவது. கீற்றுகள் கீழ்நோக்கி இருக்கின்றனவா என்று பாருங்கள். மூடியைத் தலைகீழாக மாட்டிய வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி (சிரம்பானிலிருந்து கோலாலம்பூர் செல்பவர்): மின்இணைப்பு வாயின் நெகிழிப் பெட்டி ஆடுகிறது. நானே மாற்றலாமா?

பதில்: வேண்டாம். அதன் பின்னால் 230 வோல்ட் இருக்கிறது. ஆடியதில் கம்பி முனைகளும் தளர்ந்திருக்கலாம். சான்றிதழ் பெற்ற வயர்மேனை அழைத்து, கசிவு மின்னோட்டத் துண்டிப்பானையும் அன்றே சோதிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி (கிள்ளான்): பழைய வண்டி என்பதால் அதே பாகம் கிடைக்கவில்லை. நண்பர் முப்பரிமாண அச்சில் செய்து தருவதாகச் சொல்கிறார்.

பதில்: முதலில், சட்டத்தின் வெளி அளவைக் கொண்டு தேடாதீர்கள், சுவரில் வெட்டிய துவாரத்தின் நீள அகலத்தையும், மூலைகளின் வளைவையும், சுவரின் தடிப்பையும் அளந்து தேடுங்கள். துவாரத்துக்குப் பொருந்தும் வேறு தயாரிப்பாளரின் சட்டம் அகன்ற விளிம்போடு வந்தால், அது பழைய திருகுத் துளைகளையும் மறைத்துவிடும் என்பதால் எனக்கு அதுவே பிடித்தம். அச்சில் செய்வதானால், பிஎல்ஏ என்ற நெகிழி இழையில் செய்ய வேண்டாம். அது 60 பாகைக்கு அருகில் இளகிவிடும், நம் வெயிலில் கோணிப்போகும். ஏஎஸ்ஏ இழையில் செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி (தஞ்சோங் பூங்கா): அக்டோபர் மழையில் இந்த வேலையைத் தள்ளிப்போட வேண்டுமா? முடித்த பிறகு கசிவு இல்லை என்று எப்படி உறுதி செய்வது?

பதில்: கூரை இருந்தால் தள்ளிப்போட வேண்டியதில்லை. எம்எஸ் பாலிமரும் பாலியூரித்தேனும் காற்றிலுள்ள ஈரத்தைக் கொண்டே ஆறுபவை. ஒரு நாளில் சுமார் 3 மில்லிமீட்டர் ஆழம் கெட்டியாகும். பூசும் நேரத்தில் மேற்பரப்பு உலர்ந்திருப்பதே முக்கியம். மேல் விளிம்புக்கும் இரு பக்கங்களுக்கும் பசைக் கோடு இழுத்து, கீழ் விளிம்பை மட்டும் திறந்துவிடுங்கள். என்றாவது நீர் பின்னால் புகுந்தால் அது வடிந்து வெளியே தெரியும், உள்ளே தேங்காது.

இரண்டு நாள் கழித்து, வீட்டாரில் ஒருவரை டார்ச் விளக்கோடு வண்டிக்குள் உட்காரவைத்து, தோட்டக் குழாயால் அழுத்தமில்லாமல் நீர் விடுங்கள். சட்டத்தின் கீழ் விளிம்பில் தொடங்கி, ஒவ்வோர் இடத்திலும் ஐந்து நிமிடம் நின்று, மெல்ல மேலே வாருங்கள். கீற்றுகளுக்குள் நேரே அடிக்காமல் விளிம்பை மட்டும் நனையுங்கள். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து, நீர் எந்த இடத்தில் புகுந்தது என்று தெரியாமல் போய்விடும்.