எக்செல் போதாதா?

கேள்வி: முதுகலை ஆய்வுக்காக 200 பேரிடம் வினாத்தாள் நிரப்பி வாங்கியிருக்கிறேன். எக்செல் இருக்கும்போது, புள்ளியியல் கணக்கீட்டுக்கான ஆர் (R) என்ற நிரல் மொழியையும் கற்க வேண்டுமா?

பதில்: சராசரி மட்டும் போதுமென்றால் வேண்டாம். ஆனால், ஆறு மாதம் கழித்து நெறியாளர் 'இந்த எண் எப்படி வந்தது?' என்று கேட்டால், எக்செல்லில் எந்தக் கட்டத்தை எப்போது திருத்தினோம் என்பது நமக்கே நினைவிருக்காது. ஆர் மொழியில் எழுதிச் சேமித்த கட்டளைக் கோப்போ, மூலத் தரவிலிருந்து விடை வரையுள்ள ஒவ்வொரு படியையும் காட்டிவிடும். மொழியும் இலவசம்தான்.

வயது சொல்லாதவர்களுக்கு 99 என்று பதிந்திருந்தால், முதலில் அதை 'என்ஏ', அதாவது விடுபட்ட மதிப்பு, என மாற்றிவிடுங்கள். இல்லையேல் கணினி அவர்களையெல்லாம் முதியவர்களாகவே எண்ணிச் சராசரியை உயர்த்திவிடும். மாற்றிய பின் சராசரியும் 'என்ஏ' என்றே வந்தால் பதற வேண்டாம். விடுபட்டவற்றை ஒதுக்கிவிட்டுக் கணக்கிடுமாறு கட்டளையிலேயே குறிப்பிட வேண்டும்.