லோ-ப்ரொஃபைல் கீபோர்டுக்கு எந்தக் கீகேப் பொருந்தும்?

கேள்வி: கெய்ல் நிறுவனத்தின் சாக் முதல் பதிப்பு ஸ்விட்சுகள் (விசைக்கு அடியில் இருக்கும் பொறிகள்) கொண்ட லோ-ப்ரொஃபைல் (உயரம் குறைந்த) கீபோர்டு ஒன்றைப் பயன்படுத்துகிறேன். எழுத்துகள் அழிந்துவிட்டதால், ‘எல்லா லோ-ப்ரொஃபைல் மெக்கானிக்கல் கீபோர்டுகளுக்கும் பொருந்தும்’ என்ற அறிவிப்பை நம்பி இணையக் கடை ஒன்றில் கீகேப் (விசையின் மேல்மூடி) செட் வாங்கினேன். ஒன்றுகூடப் பொருந்தவில்லை. உறையைப் பிரித்துவிட்டதால் திரும்பப் பெற முடியாது என்கிறார் விற்பனையாளர். என்ன செய்யலாம்?

பதில்: எல்லா லோ-ப்ரொஃபைல் கீபோர்டுகளுக்கும் பொருந்தும் கீகேப் என்று ஒன்று கிடையாது, அப்படி விளம்பரம் செய்ததே தவறு. உங்களிடம் வந்திருக்கும் கீகேப் ஒன்றைத் திருப்பி அடிப்புறத்தைப் பாருங்கள். நடுவில் கூட்டல் குறி வடிவத்தில் ஒரு துளை இருந்தால், அது செர்ரி எம்எக்ஸ் வகை ஸ்விட்சுக்கு உரியது. சாக் முதல் பதிப்பில் அமைப்பு நேர்மாறானது: துளைகள் ஸ்விட்சில் இருக்கும், கீகேப்பின் அடியில் 5.7 மி.மீ. இடைவெளியில் இரண்டு மெல்லிய கால்கள் இருக்க வேண்டும். அழுத்திப் பார்த்துப் பயனில்லை.

எனவே அடுத்த முறை ‘சாக் முதல் பதிப்பு’ அல்லது அதன் மாதிரி எண்ணான ‘பிஜி1350’ என்று வெளிப்படையாகக் குறிப்பிட்டிருக்கும் செட்டை மட்டும் வாங்குங்கள். அதிலும் ஓர் அளவைக் கவனிக்க வேண்டும்: சாக் கீபோர்டுகள் சிலவற்றில், குறிப்பாக இரண்டாகப் பிரிந்த வகைகளில், விசைகள் வழக்கமான 19.05 மி.மீ. இடைவெளியில் இல்லாமல் கிடைவாக்கில் 18, நெடுவாக்கில் 17 மி.மீ. என நெருக்கமாக அமைந்திருக்கும் என்பதால், பெரிய கீகேப்புகள் அவற்றில் ஒன்றோடொன்று உரசும். பழைய கீகேப்புகளைக் கழற்றும்போது கம்பியாலான கீகேப் புல்லர் என்ற கருவியைக் கொண்டு நேராக மேல்நோக்கி இழுங்கள். பக்கவாட்டில் நெம்பினால் அந்த மெல்லிய கால்கள் ஒடிந்துவிடும்.

கீகேப்புக்கு ஏற்றபடி ஸ்விட்சையே மாற்றிவிடலாம் என்ற எண்ணம் வந்தால் கைவிடுங்கள். சாக் இரண்டாம் பதிப்பில் கீகேப்பை மாட்டும் கூட்டல் குறித் தண்டு உண்டு. ஆனால் அதன் அடிப்புற நடுக்கால் 5 மி.மீ. தடிமன் கொண்டது, உங்கள் போர்டின் துளையோ 3.4 மி.மீ. காலுக்கானது. கேட்டரான் லோ-ப்ரொஃபைல், செர்ரி எம்எக்ஸ் லோ-ப்ரொஃபைல் ஆகியவற்றின் கால் அமைப்பும் வேறு. ஹாட்-ஸ்வாப் வசதி (சால்டரிங் இல்லாமல் ஸ்விட்சைக் கழற்றி மாட்டும் வசதி) இருந்தாலும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று இறங்காது.

கூட்டல் குறித் தண்டு உள்ள லோ-ப்ரொஃபைல் கீபோர்டு வைத்திருப்பவர்களும் தண்டை மட்டும் பார்த்து வாங்கிவிடக் கூடாது. செர்ரியின் வழக்கமான எம்எக்ஸ் ஸ்விட்சின் உயரம் 18.5 மி.மீ., அதன் லோ-ப்ரொஃபைல் ஸ்விட்சின் உயரம் 11.9 மி.மீ.; விசை இறங்கும் தூரமும் 4 மி.மீ.யிலிருந்து 3.2 ஆகக் குறைகிறது. உயரமான சாதாரண கீகேப் தண்டில் மாட்டிக்கொண்டாலும், முழுவதும் இறங்குவதற்கு முன் அதன் விளிம்பு கீழே முட்டக்கூடும். ஷிஃப்ட் விசையின் நீளத்தையும் புதிய செட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இனி பணம். 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிக) விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெறவோ பணத்தைத் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது. உறையைப் பிரிக்காமல் பொருந்துமா என்று பார்க்க வழியே இல்லை என்பதால், அவர் சொல்லும் காரணம் எனக்கு ஏற்புடையதாகத் தெரியவில்லை. அந்த அறிவிப்பு நீக்கப்படுவதற்குள் பக்கத்தைப் படமெடுத்து வையுங்கள். கீகேப்பின் அடிப்புறத்தையும் ஸ்விட்சையும் அருகருகே வைத்துப் படமெடுத்து, பில்லுடன் சேர்த்து விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்து மூலம் அனுப்புங்கள். அதற்கும் பயனில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகாரைப் பதிவு செய்யுங்கள்.