முடிவை மட்டும் கேட்ட அம்மா

கேள்வி: பொறியியல் இறுதியாண்டு படிக்கும் என் மகன், 1954-இல் வந்த 'அந்த நாள்' படத்தை இந்த மாதத்தில் மட்டும் நான்கு முறை பார்த்துவிட்டான். ஒருநாள் என்னையும் அழைத்து உட்கார வைத்தான். அடுப்பில் வேலை இருந்ததால் பாதியில் எழுந்துபோய், "யார் கொன்றது, அதை மட்டும் சொல்லிவிடு" என்று சமையலறையிலிருந்தே கேட்டேன். மனைவிதான் என்றான். தாலி கட்டியவனைப் பெண்டாட்டி சுடுவதைக் கலை என்கிறான். இப்படிப்பட்ட இருண்ட படங்களைப் பார்த்தால் மனம் கெட்டுவிடாதா?
– ஒரு தாய், மேற்கு மாம்பலம்

பதில்: உங்கள் மகனின் மனத்தைப் பற்றிப் பிறகு பார்க்கலாம். சமையலறையிலிருந்து குரல் கொடுத்துக் கேட்டீர்களே, அந்த ஒரு வரிதான் எனக்கு உறுத்துகிறது. தேர்வு முடிந்து வீட்டுக்கு வரும் பிள்ளையிடம், என்ன எழுதினாய் என்று கேட்காமல் எத்தனை மதிப்பெண் வரும் என்று கேட்கும் அதே குரல்தான் அது.

முதல் காட்சியிலேயே சிவாஜி கணேசன் குண்டடிபட்டு விழுந்துவிடுகிறார். அதற்குப் பிறகு படம் நடப்பது, கொன்றவர் பெயரைச் சொல்வதற்காக மட்டும் அல்ல. அண்டைவீட்டுக்காரர் இறந்தவனின் சகோதரனைக் கைகாட்டுகிறார். அந்தச் சகோதரனோ கூசாமல் தன் மனைவியையே கைகாட்டுகிறான். அவள் இன்னொருத்தியைச் சொல்கிறாள். ஒவ்வொருவரும் அடுத்தவரைப் பற்றிச் சொல்லச் சொல்ல, சொல்பவரின் முகம்தான் நமக்குத் தெளிவாகிறது. படத்தின் இயக்குநரும் வீணை வித்வானுமாகிய எஸ். பாலசந்தர், ஒரு பாட்டுக்கூட இல்லாமல், நிழலையும் மௌனத்தையும் கொண்டே இதை எடுத்துக் காட்டினார். கலை என்று உங்கள் மகன் சொன்னது இதைத்தானே தவிர, துப்பாக்கிச் சூட்டை அல்ல.

தாலியைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். குடும்பத்தின் மானம் எல்லாவற்றையும்விடப் பெரியது என்று நம்புகிறவள்தான் நானும். ஆனால் படக்கதை நடக்கும் 1943-இல், போர் அச்சத்தில் இருந்த இதே சென்னையில், நாட்டின் ரகசியங்களை ஜப்பானியருக்கு விற்கும் கணவனை மறைத்து வைப்பதுதான் மனைவியின் கடமையா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. கண்ணை மூடிக்கொள்வதைப் பதிவிரதத்தில் சேர்க்க என்னால் முடியாது. அந்தக் கணவன் ஒரு வானொலிப் பொறியாளன், தன் திறமையை மதிப்பார் இல்லையே என்று கசந்துபோனவன். பொறியியல் படிக்கும் பிள்ளை அவன் கதையை நான்கு முறை ஏன் பார்க்கிறான் என்று உங்களுக்கு ஒருமுறைகூடக் கேட்கத் தோன்றவில்லையா? என்னைக் கேட்பதற்கு மட்டும் கடிதம் எழுத நேரம் இருந்திருக்கிறது.

அம்மாவை அருகில் உட்கார வைத்துப் படம் காட்ட நினைக்கும் பிள்ளைகள் இந்த ஊரில் அதிகம் இல்லை. பாதியில் எழுந்துபோன பிறகு அவனாக மறுபடி அழைப்பான் என்று காத்திருக்காதீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை நீங்களே அவனைக் கேளுங்கள். சமையலை முன்பே முடித்து, அடுப்பை அணைத்துவிட்டு, விளக்கையும் அணைத்துவிட்டு உட்காருங்கள். முடிவு தெரிந்துவிட்டதே என்று வருந்த வேண்டாம். தெரிந்து பார்ப்பவருக்குத்தான், மனைவியாக நடித்த பண்டரிபாயின் முகம் தொடக்கத்திலிருந்தே வேறாகத் தெரியும்.