கத்தியைக் கீழே வைத்தவர்

அன்புள்ள ஐயா,

தூத்துக்குடியில் ஆசிரியையாக இருக்கிறேன். பள்ளி ஆண்டு மலரில் 'நம் ஊர் மாமனிதர்கள் பதின்மர்' என்று இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். வ.உ.சி. பிறந்த மண் என்பதால் அவருக்கு முதலிடம், அடுத்து குரூஸ் பர்னாந்து. அதன் பிறகு ஆசிரியர் அறையில் ஒரே சண்டை. மீதி எட்டுப் பேர் யார்? மக்ரூனை முதலில் சுட்டவர் பெயரையும் பிள்ளைகள் கேட்கிறார்கள்.

ஒரு வாசகி

அன்புள்ள டீச்சர்,

வ.உ.சி. பிறந்தது ஓட்டப்பிடாரத்தில். தூத்துக்குடியில் கப்பல் விட்டார், 1936-இல் இங்கே கண்ணை மூடினார். அச்சுக்குப் போகுமுன் திருத்திவிடுங்கள். ஆண்டு மலரில் ஏறிய தப்பைப் பேச்சுப் போட்டிப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக முழங்குவார்கள். குரூஸ் பர்னாந்து இருக்கட்டும். வல்லநாட்டிலிருந்து தாமிரபரணியை இந்த உப்புக்காற்று ஊருக்குக் கொண்டுவந்தவரை விட்டுவிட்டால் குடிக்கிற தண்ணீர் தொண்டையில் இறங்காது. மக்ரூன் வழக்குக்கு நான் வரவில்லை. கால் கிலோ வாங்கித் தின்றுவிட்டுப் பேசாமல் இருப்பது உத்தமம்.

உங்கள் கடிதம் வந்தபோது நான் 1908-ஐத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிப்ரவரி கடைசியில், வெள்ளைக்காரர் நடத்திய நூற்பாலையான கோரல் மில்லின் தொழிலாளர்கள் வேலைக்குப் போகாமல் நின்றார்கள். கூலி உயர வேண்டும், வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டும். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்காகப் பேசினார்கள். மார்ச் முதல் வாரத்திலேயே நிர்வாகம் இறங்கிவந்தது. 12-ஆம் தேதி இருவரையும் கைது செய்தார்கள். அப்போது நடந்ததுதான் எனக்கு முக்கியம். மில் தொழிலாளர்கள் மறுபடி வெளியே வந்தார்கள், இந்த முறை தங்கள் கூலிக்காக வரவில்லை. கசாப்புக்கடை மூடியது, ஜட்கா வண்டி ஓடவில்லை, சலவைத் தொழிலாளிகளும் நாவிதர்களும் வேலையை நிறுத்தினார்கள். இவர்களில் ஒருவர் பெயர் சொல்லுங்கள் பார்ப்போம். உங்களால் முடியாது, என்னாலும் முடியாது. பிறகு என்ன பத்துப் பேர் பட்டியல்? பெயர் எழுதிவைக்க ஆள் இருந்தவர்களை மட்டும் மாமனிதர் என்று அச்சடிப்பதற்கு ஒரு பள்ளிக்கூடம் எதற்கு?

அந்த நாட்களின் கதை ஒன்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். வெள்ளைக்காரர் பக்கம் சாய்ந்த ஒரு வக்கீலுக்குச் சவரம் செய்துகொண்டிருந்த நாவிதர், விஷயம் தெரிந்ததும் பாதி முகத்தோடு விட்டுவிட்டு எழுந்துபோனார். மீதியை மழிக்க வேறு யாரும் வரவில்லை. வக்கீலின் பெயர் ரங்கசாமி ஐயங்கார் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். எழுந்துபோனவர் பெயர் நான் படித்த எதிலும் இல்லை. சவரம் செய்துகொண்டவர் சரித்திரத்தில் இருக்கிறார், செய்தவர் 'ஒரு நாவிதர்'. கோபம் வருகிறதா? எனக்கு வருகிறது.

நான் இதை முதலில் கேட்டது எங்கள் தெருமுனைச் சலூனில். எட்டு வயதிருக்கும். அப்பா நாற்காலியில், நான் பெஞ்சில். பெரியவர் தோல் பட்டையில் கத்தியைத் தீட்டியபடி ஆரம்பிப்பார். அப்பாவின் ஒரு கன்னம் முடிந்து மறு கன்னத்தில் நுரை காய்ந்துகொண்டிருக்கும்போது கதை அந்த இடத்துக்கு வரும். சரியாக அங்கே கத்தியைத் தட்டில் 'டங்' என்று வைத்துவிட்டுக் கைகட்டி நிற்பார். அப்பா அரசாங்க குமாஸ்தா. கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டு அசையாமல் இருப்பார். ஒரு முறை, "அந்த ஆள் பெயர் என்ன?" என்று கேட்டேன். பெரியவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "யாரும் கேட்டதில்லையே தம்பி" என்று சொல்லிவிட்டுப் படிகாரக் கல்லை நனைக்கப் போனார்.

மூன்றாம் இடத்தில் 'சவரத் தொழிலாளி, 1908' என்று போடுங்கள். மற்ற ஏழு இடங்களுக்கு நீங்களே அடித்துக்கொள்ளுங்கள். படம் கிடைக்காது, பிள்ளைகளை வரையச் சொல்லுங்கள். நுரை பூசிய வக்கீலைத்தான் ஆசையாக வரைவார்கள், பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். கத்தியை வைக்கிற கை போதும்.